ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே ரோல்

சின்னக்கா நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யாரோ வந்து எழுந்திருக்கச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பாள். ஆறு வருடத்தில் அந்த நாற்காலியின் மெத்தை முன்பக்கம் மட்டும் தேய்ந்து பஞ்சைக் காட்டியது. பின்பாதி வாங்கிய அன்று இருந்தபடியே பளபளத்தது. மெத்தை மாற்ற வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மேசையில் அரை ஆள்தான் வேலை பார்க்கிறாரா என்று கேட்டார். சின்னக்கா தலையை ஆட்டினாள்.

எதற்கும் தலையாட்டுவதுதான் அவள் வழக்கம். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றுபோனவள். அப்பா படுக்கையில் விழ, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போக, ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. அன்றிலிருந்து படித்தவர்கள் பேசும்போது புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்னால் எட்டாம் வகுப்பு வெளியே தெரிந்துவிடும் என்று பயம். ஆகவே தலையாட்டிவிட்டு, பிறகு ஓரமாக நின்று கவனித்துக் கவனித்துத் தானே புரிந்துகொள்வாள். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது.

அவள் வேலை பார்த்த இடம் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகம். கீழே பதிவு மேசையும் காத்திருக்கும் கூடமும், மாடியில் பரிசோதனை அறைகளும், பின்பக்கம் கண்ணாடிக் குழாய்களையும் புட்டிகளையும் கழுவும் அறையும் இருந்தன. அந்தக் கழுவும் அறையில்தான் பதினோரு வருடம் இருந்தாள். அங்கே தலைமை பார்த்தவரைப் பெரியக்கா என்பார்கள். அதனால் இவள் சின்னக்கா ஆனாள். பெரியக்கா ஓய்வு பெற்றுப் போய்விட்டாலும் இவள் சின்னக்காவாகவே நின்றுவிட்டாள். சலவைச் சோடாத் தண்ணீர் தின்று அவள் விரல்கள் குளிர்காலத்தில் வெடித்து, கதவுப் பிடியைத் தொட்டாலே எரியும். அந்த அறையை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த எரிச்சல்தான்.

கணினிக் கணக்குகளைப் பார்க்கும் மேசையில் இருந்த பெண் திடீரென்று வேலையை விட்டபோது, ஆளுக்கு எங்கே போவது என்று மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். டாக்டரம்மாதான் சின்னக்காவைக் காட்டினார். ஆய்வக அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து அந்த அம்மாவுடையது. யார் எந்த அறையில் என்ன செய்கிறார்கள் என்பது இவளுக்குத் தெரிந்த அளவு தனக்கே தெரியாது என்றார். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருடம் எல்லா அறைக்குள்ளும் பூனை மாதிரி போய் வந்தவள் அல்லவா?

மேசை வேலை சொல்லக் கேட்டால் எளிது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்குக் கணினியில் ஒரு கணக்கு திறக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு ரோல் கொடுக்க வேண்டும். ரோல் என்பது அவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற அனுமதி. 'பதிவு' ரோல் உள்ளவர் நோயாளியின் பெயர் விவரம் எழுதலாம். 'மாதிரி' ரோல் இருந்தால் ரத்தம் எடுத்ததைக் குறிக்கலாம். 'பரிசோதனை' ரோல் உள்ளவர் அளவுகளை ஏற்றலாம். 'ஒப்புதல்' இருந்தால்தான் அறிக்கையை வெளியே விடலாம். 'நிர்வாகம்' என்ற ரோல் உள்ளவர் மற்றவர்களுக்கு ரோல் கொடுக்கலாம். அது இரண்டே பேரிடம் இருந்தது. ஒருவர் சின்னக்கா, இன்னொருவர் வாரம் ஒருநாள் வந்துபோகும் நிரல்காரர். அவர் படுத்தால் ஆய்வகமே படுத்துவிடும் என்பதால் எல்லோரும் அவருக்கு 'செர்வர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு செர்வருக்கு ஜலதோஷமாம்" என்பது பதிவு மேசைப் பெண்ணின் நிரந்தர நகைச்சுவை.

திரையில் ஒவ்வொரு ஆளாகத் திறந்து, கட்டத்தில் டிக் அடித்து, சேமித்து என்று வேலை ஆமை வேகத்தில் போனது. அதைப் பார்த்த செர்வர் ஒரு குறுக்குவழி செய்து கொடுத்தார். ஏபிஐ என்றார். திரை இல்லாமலே ஆய்வகத்தின் பெரிய கணினியிடம் நேராகப் பேசும் வழி அது. ஒரு கோப்பில் வரிக்கு ஒரு பெயரும் பக்கத்தில் ரோலும் எழுதி வைத்துவிட்டால் போதும். இவர் செய்த சின்ன நிரல் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, "சரி" என்று பதில் வாங்கி வரும். அந்த நிரல் உள்ளே நுழைய அதற்கென்று தனிக் கணக்கும், யாரும் மனப்பாடம் செய்ய முடியாத நீளத்தில் ஒரு கடவுச்சொல்லும் உண்டு. அந்தக் கணக்குக்கு 'தபால்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கையில் பையை மாட்டிக்கொண்டே விளக்கினார். டாக்ஸி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சின்னக்கா தலையாட்டினாள். புதிய ஆட்கள் மூன்று பேருக்கு அனுப்பிப் பார்த்தாள். நன்றாகவே வேலை செய்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மேலாளர் இன்னொரு பேச்சை எடுத்தார். கணக்குகளைப் பார்த்துக்கொள்ள வெளியே ஒரு நிறுவனம் இருக்கிறதாம்; பட்டம் வாங்கியவர்கள் பார்ப்பார்களாம். இந்த மாதம் முடியட்டும், அதுவரை ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடினால் மேசை சின்னக்காவிடமே இருக்கட்டும். இல்லாவிட்டால் கழுவும் அறையில் ஆள் குறைவாகத்தான் இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதனாலேயே அவள் அதை நம்பினாள்.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் தையல் மிஷினை நிறுத்தாமலே, "எட்டாவது படிச்சவளுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம் இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு அண்ணி" என்றாள். வாய்தான் அப்படி. அன்றிரவு அண்ணியின் விரல்களுக்குத் தடவ வாஸலின் டப்பாவைத் தேடி எடுத்து ஜன்னலில் வைத்தவளும் அவளேதான். இப்போதே எதற்கு என்று சின்னக்கா கேட்டதற்கு, எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. ஒரு தொழிற்சாலையில் அறுநூறு பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டிய பெரிய வேலை வந்தது. கை போதாது. ஆகவே ஆய்வகத்தில் இருக்கும் எல்லோருக்கும் 'மாதிரி' ரோல் கொடுத்துவிடும்படி மேலாளர் காலையில் உத்தரவு போட்டார். ரத்தம் எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்கட்டும், மற்றவர்கள் குழாயில் பெயர் ஒட்டிக் குறிக்கட்டும் என்பது அவர் திட்டம். "எல்லாருக்குமா சார்?" என்று கேட்கச் சின்னக்காவுக்கு வாய் எழவில்லை. எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். கணக்குப் பட்டியலைப் பார்த்து ஐம்பத்தெட்டுப் பெயரை எழுதினாள். டாக்டரம்மா பெயரை எழுதினாள். மேலாளர் பெயரை எழுதினாள். எல்லோரில் தானும் ஒருத்தி என்று கடைசி வரியில் தன் பெயரையும் எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'மாதிரி' என்று போட்டாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

அனுப்பினாள். சரி, சரி, சரி என்று ஐம்பத்தெட்டு முறை பதில் வந்தது. திரை முழுக்கச் சரி. ஒரு தேநீர் குடிக்கலாம் என்று எழுந்தாள்.

அறை வாசலைத் தாண்டுவதற்குள் மாடியிலிருந்து பரிசோதனை அறைக்காரர் எட்டிப்பார்த்து, அளவை ஏற்றும் பக்கம் எங்கே போயிற்று என்று கேட்டார். கூடத்தில் பதிவு மேசையில் வரிசை நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தன் திரையில் நோயாளி பெயர் எழுதும் இடமே இல்லை, குழாயின் எண்ணைக் குறிக்கும் கட்டம் மட்டும் இருக்கிறது என்றாள். சின்னக்கா வந்த வழியே ஓடினாள். தன் திரையைத் திறந்தாள். ஆறு வருடமாக இடது ஓரத்தில் இருந்த நிர்வாகப் பட்டியலைக் காணோம். அங்கேயும் குழாய் எண்ணைக் குறிக்கும் கட்டம்தான் இருந்தது.

நின்றபடியே யோசித்தாள். திரையில் டிக் அடிக்கும்போது பழைய டிக் எல்லாம் அப்படியே இருக்கும். புதிது ஒன்று கூடச் சேரும். ஏபிஐயும் அப்படித்தான் என்று அவள் கை நினைத்துக்கொண்டது. அது அப்படி இல்லை. இவருக்கு இன்ன ரோல் என்று எழுதி அனுப்பினால், எழுதியது மட்டும்தான் அவருடைய ரோல் என்று அது எடுத்துக்கொள்கிறது. சட்டைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுவிடு என்றால், சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுவிடுகிற பிள்ளை மாதிரி. முன்னால் அனுப்பிய மூன்று பேரும் புது ஆட்கள். அவர்களிடம் கழற்ற ஒன்றும் இல்லை. இப்போது ஐம்பத்தெட்டுப் பேரையும் உரித்து ஒரே உடுப்பு போட்டு நிறுத்தியாயிற்று.

செர்வருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. நாளைக் காலை விமானத்தில் கிளம்புகிறேன், நான்கு மணிக்குத்தான் இறங்குவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. சுவரில் மணி பத்தரை.

பதிவு மேசைப் பெண் பின்னாலேயே வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, செர்வர் டவுன்னு சொல்லிடுங்க. மிஷினும் டவுன், மனுஷனும் டவுன். யாரு போய்ப் பாக்கப்போறா?"

சின்னக்காவுக்கு அது ஒரு நிமிடம் இனித்தது. சொல்லிவிடலாம். நான்கு மணிக்கு அவர் வந்து சரி செய்துவிடுவார். மாதம் முடிய இன்னும் ஆறே நாள். கதவுக் கண்ணாடி வழியாகக் கூடம் தெரிந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக் கோப்பை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்தார். மதியம் அவர் மனைவிக்கு ஆபரேஷன். ரத்த அறிக்கை போனால்தான் உள்ளே எடுப்பார்கள் என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார். செர்வர் டவுன் என்று சொன்னால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நான்கு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எதையும் சரி செய்ய முயற்சிகூடச் செய்ய மாட்டார்கள். ஏனென்றால் என்ன கெட்டது என்பதே யாருக்கும் தெரியாது.

அவள் மாடி ஏறினாள். மேலாளர் டாக்டரம்மாவின் அறையில்தான் நின்றிருந்தார். ஒப்புதல் பொத்தான் எங்கே என்று இருவரும் ஒரே திரையைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார் பண்ணிட்டேன்" என்றாள் சின்னக்கா. "எல்லாருடைய ரோலும் போயிடுச்சு. மாதிரி மட்டும்தான் மிச்சம். என்னோடதும் போயிடுச்சு."

மேலாளர் நிமிர்ந்தார். அவர் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. அப்புறம் குரலை உயர்த்தினார். இதைத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்தார், படித்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை என்று? செர்வர் எப்படி விளக்கிக் கொடுத்தார், இவள் என்ன கேட்டுக்கொண்டாள்?

"எனக்கு அப்ப புரியல சார்" என்றாள். "புரியலன்னு சொல்லாம தலையாட்டிட்டேன். எட்டாவதோட நின்னவ சார் நான். கேட்டா தெரிஞ்சுடுமேன்னு பயம்."

சொன்ன பிறகு அறை இடிந்து விழவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்க எல்லாருக்கும் தெரியும், சின்னக்கா. உங்க ஃபைல்ல முதல் வரியே அதானே?" என்றார். "இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

என்ன பண்ணலாம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. வழியில் படியேறும்போது ஒன்று தோன்றியிருந்தது. அதை மென்று விழுங்காமல் சொன்னாள். தன் கணக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது, உண்மை. ஆனால் அனுப்பியது தன் கணக்கு இல்லை, தபால்காரர். பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பேர் பெயர் இருந்தது, தபால்காரர் பெயர் இல்லை. ஆகவே அவருடைய அனுமதி அப்படியே இருக்க வேண்டும். அவர் கையில் திருத்திய பட்டியலைக் கொடுத்தனுப்பினால் போவார். இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் எல்லா ரோலையும் முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"முதல்ல யாரோடத?" என்றார் டாக்டரம்மா.

"என்னோடத, டாக்டர். தப்பாப் போனா எனக்கு மட்டும்தான் போகும். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

மூவரும் இறங்கி வந்தார்கள். ஒரே ஒரு வரி எழுதினாள். அனுப்பினாள். "சரி" என்று வந்தது. காலையில் வந்த சரியையும் நம்பியவள்தானே. இந்தச் சரியை அவள் நம்பவில்லை. வெளியே போய் மறுபடி உள்ளே நுழைந்தாள். இடது ஓரத்தில் நிர்வாகப் பட்டியல் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

இனி திரையிலேயே டிக் அடிக்கலாமே என்றார் மேலாளர். ஐம்பத்தேழு பேருக்கு மதியம் வரை ஆகும் சார், இது இப்பதான் புரிந்திருக்கிறது, விடுங்கள் என்றாள் சின்னக்கா. அவள் 'விடுங்கள்' என்று சொல்லி மேலாளர் கேட்டதில்லை. விட்டுவிட்டார். அடுத்த வரி டாக்டரம்மாவுடையது. அவர் மாடிக்குப் போய், ஒரு நிமிடத்தில் உள்தொலைபேசியில், "பொத்தான் வந்துடுச்சு" என்றார். பிறகு முதல் அறிக்கையாக அந்தப் பெரியவர் மனைவியுடையதைப் பார்த்து வெளியே விட்டார்; அதன் அளவுகள் காலையிலேயே ஏறியிருந்தன. பெரியவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். கோப்பின் நாடா பின்னால் தொங்கிக்கொண்டு போனது.

மிச்சம் ஐம்பத்தாறு. யாருக்கு என்னென்ன ரோல் இருந்தது என்ற பழைய பதிவு செர்வருக்கு மட்டுமே எட்டும் இடத்தில் இருந்தது. சின்னக்கா கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அறை அறையாகப் போய்வந்தாள். மூலை மிஷினில் உட்காருகிறவருக்குப் பரிசோதனையும் மாதிரியும். சனிக்கிழமை மட்டும் பதிவு மேசைக்கு வருகிறவருக்குப் பதிவும் மாதிரியும். அவள் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா திரும்பி வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்ற பிறகே சின்னக்கா எழுதினாள். நடுவில் மூன்று பெயர்களில் நின்றாள். அவர்கள் வேலையை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கணக்கு மட்டும் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. அவற்றை மூடச் சொன்னார் டாக்டரம்மா.

மேலாளர் பெயர் வந்தபோது சின்னக்கா மறுபடி நின்றாள்.

"சாருக்குப் பதிவைப் பார்க்கிற ரோல் உண்டு. அப்புறம்... ஒப்புதலும் இருந்துச்சு, டாக்டர்."

"ஒப்புதலா? அறிக்கையை விடறதா? யார் குடுத்தது?"

"தெரியல. நான் வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சு. கேக்க சங்கடமா இருந்துச்சு."

டாக்டரம்மா மேலாளரைப் பார்த்தார். "ஆக, ஆறு வருஷமா நீங்களும் ஒரு டாக்டர். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"எனக்கே தெரியாதும்மா" என்றார் மேலாளர். சத்தியமாகத் தெரியாதுதான், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. காதுவரை சிவந்துபோனார். அவருக்கு ஒப்புதல் போடாமல் எழுதினாள் சின்னக்கா. அதற்கப்புறம் படித்தவர்கள் என்ற சொல்லை அவர் அன்று எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பதிவு மேசையில் வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் இரண்டு தேநீர் கொண்டுவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்து, இன்னொன்றைத் தானே குடித்தாள்.

நாலேகாலுக்குச் செர்வர் போன் செய்தார். விமான நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே முழுக் கதையையும் கேட்டார். தன் மடிக்கணினியில் பழைய பதிவைத் திறந்து, சின்னக்கா ஞாபகத்திலிருந்து எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வேண்டுமென்றே சேர்த்தவையும் எடுத்தவையும் போக ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. சின்னக்காவுக்குப் பதிவு ரோலும் இருந்திருக்கிறது. தன்னுடையதை மட்டும் மறந்துவிட்டாள்.

"புரியலன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா" என்றார்.

"கேட்டிருக்கணும் சார். நான் தலையாட்டிட்டேன்."

"நான் மட்டும் என்ன? நீங்க தலையாட்டினதும் டாக்ஸிக்கு ஓடிட்டேன்." என்றார் அவர். "அனுப்பறதுக்கு முன்னால பழைய ரோலை எடுத்துக் காட்டற மாதிரி நான்தான் செஞ்சு குடுத்திருக்கணும். அது அரை மணி நேர வேலை. சோம்பேறித்தனம்."

அன்று மாலை டாக்டரம்மா மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த மேலாளர், சின்னக்காவின் மேசைமேல் இருந்த காகிதங்களை காரணமே இல்லாமல் அடுக்கி வைத்துவிட்டு, வெளி நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். யார் எங்கே உட்காருகிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாதே என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சேர்த்துக்கொண்டார். சின்னக்கா நன்றி சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, உள்ளே மாட்டிக்கொண்டவரே கதவைத் திறந்து வெளியே வந்து மற்றவர்களையும் எடுத்துவிட்டதை இன்றுதான் கேள்விப்படுகிறேன் என்று சிரித்தார். நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு முழுதையும் கேட்டாள். "அப்ப அந்த டப்பாவை நான் எடுத்துக்கறேன் அண்ணி. எனக்கும் கை காய்ஞ்சுதான் கிடக்கு" என்றாள். மூவரும் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. செர்வர் சொன்ன அரை மணி நேர வேலையை இரண்டு நாளில் செய்துவிட்டார். இப்போது நிரல் ஒவ்வொருவரிடமும் இருக்கும் ரோலை முதலில் எடுத்துக் காட்டும். ஆமாம் என்ற பிறகுதான் அனுப்பும். பட்டியலில் அனுப்புகிறவரின் பெயரே இருந்தால் அனுப்பாது. நிர்வாக ரோல் மூன்று பேரிடம் இருக்கிறது. மூன்றாவது ஆள் பதிவு மேசைப் பெண். செர்வர் எதையாவது விளக்கினால் சின்னக்கா குறைந்தது இரண்டு கேள்வி கேட்கிறாள். அதற்காக அவர் டாக்ஸியை அரை மணி நேரம் தள்ளியே கூப்பிடுகிறார். ஆய்வகத்தில் இன்று நூற்று நான்கு கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய ரோல்தான் இருக்கிறது. சின்னக்காதான் பார்த்துக்கொள்கிறாள்.